ரெண்டும் இடது கை

தையல்காரம்மாவின் வீட்டில் யாரும் யாருக்காகவும் பேச்சை நிறுத்துவதில்லை. மீன் சந்தையில் ஏலம் கூவிக் கூவி உரமேறிய தொண்டையோடு அவள் புருஷன் வருவார். அக்கரை ஐஸ் பேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் தம்பி, மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரலோடு வருவான். மகளும் அந்த வயிற்றில் பிறந்தவள்தானே. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயும் ஒரே நேரத்தில் திறக்கும். தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்து ஒரு கணம் நின்றுவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த இரைச்சலில் யார் சொன்னதும் யார் காதுக்கும் தப்பாது. ஏலக்காரர் கெண்டை மீன் விலையைச் சொல்லிக்கொண்டே, தம்பி சொன்ன பம்பு ரிப்பேருக்கும் ஒரு யோசனை சொல்வார்.

கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தன் முறை வரட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தார். முறை வரவேயில்லை. கை கழுவ எழுந்துவிட்டார்.

"என்னடி, உன் வீட்டுக்காரருக்குப் பேச்சே வராதா?" என்று அப்போது தம்பி கேட்டான். ஐஸ் பேக்டரியில் வேலை பார்ப்பதால் எல்லோருக்கும் அவன் 'ஐஸ்'.

"அவங்க வீட்டுல ஒருத்தர் முடிச்சாத்தான் இன்னொருத்தர் ஆரம்பிப்பாங்க, மாமா."

"அப்ப சோறு ஆறிப்போயிடாதா?"

அந்த மாப்பிள்ளைதான் இப்போது தையல்காரம்மாவின் வெட்டுமேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, இரும்புப் பெட்டிகளையும் வயர்களையும் பரப்பி வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். அவர் வேலை பார்த்த ரேடியோ கம்பெனியை மூடிவிட்டார்கள். இனி வருமானம் மகளுடையது மட்டும். அவள் மொழிபெயர்ப்பாளர். எழுத்தில் அல்ல, பேச்சில். தூரத்தில் எங்கோ கூட்டம் நடக்கும். ஒருத்தர் ஒரு மொழியில் பேசப் பேச, இவள் அதைக் காதில் வாங்கியபடியே இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அவர் மூச்சு விட்டால்தான் இவளும் விடலாம். இதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அவள் ஆபீஸ் மேடம் சொல்லியிருந்தார், ஒரு நிபந்தனையோடு: சனிக்கிழமை காலை சோதனை. குரல் ஒரு இடத்திலும் வெட்டுப்படக் கூடாது. வெட்டுப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நகரத்துக்கே போய்விட வேண்டியதுதான். அங்கே ஜன்னலே இல்லாத ஒற்றை அறை. மகளும் மாப்பிள்ளையும் அதில் வருஷக்கணக்காக இருந்து பார்த்தவர்கள்.

மகள் வந்ததுமே தன் பெரிய பெட்டியை அம்மாவின் மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஜிப் பிஞ்சிடுச்சும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்திக் குடு."

"போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"முடிவு பண்ணலை. போற மாதிரி வந்துட்டா பெட்டி மூடணும்ல?"

தையல்காரம்மா புது ஜிப்பை வாங்கி வந்து ஊசிப் பெட்டியின் மேலே வைத்தாள். வைத்தது வைத்தபடியே இருந்தது. இன்றைக்கு ஒரு திரைச்சீலை அவசரம், நாளைக்கு ஒரு கோட்டு அவசரம். பெட்டி வாயைப் பிளந்துகொண்டு மூலையில் கிடந்தது.

அவளுக்கு அதைவிட மேசையின் மறுபாதியில் நடப்பதைப் பார்ப்பதில்தான் ஆசை.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க அத்தை."

"இப்பவே நம்ம கரைக்கு லைன் இருக்கு. படம் வருது, பாட்டு வருது. இவ பேச்சு மட்டும் ஏன் வெட்டுப்படுது?"

மாப்பிள்ளை திருகாணியைக் கீழே வைத்தார். கேள்வி கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அதுவும் அவர் வீட்டுப் பழக்கம்.

"ஐஸ் பேக்டரிக்குப் போற மரப்பாலம் இருக்குல்ல, அத்தை?"

"இருக்கு. ஒரு வண்டிதான் போகும். அந்தப் பக்கம் வண்டி ஏறிட்டா இந்தப் பக்கம் நிக்கணும்."

"பழைய லைன் அந்தப் பாலம்தான். கேபிள் அக்கரை ஐஸ் பேக்டரியோட நின்னுடுது. அங்கிருந்து தண்ணிக்கு மேல ரேடியோவுலதான் நம்ம கரைக்கு வருது. ரெண்டு பக்கமும் ஒத்தை ரேடியோ. கொஞ்சம் பேசும், நிறுத்திட்டுக் கொஞ்சம் கேட்கும். கண்ணு சிமிட்டுறதுக்குள்ள மாத்தி மாத்திச் செய்யுறதால படம் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. ஆனா இந்தக் கரை வீடுங்க எல்லாம் ஒரே நேரத்துல வந்துட்டா பாலத்துல வண்டி தேங்கிடும். அப்ப இவ குரல் நடுப்பாலத்துல நிக்கும்."

"அப்ப ரெண்டு பாலம் கட்டப்போறீங்க."

"ஆமா. போக ஒண்ணு, வர ஒண்ணு. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரேடியோ. ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும், இன்னொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கும். யாரும் யாருக்காகவும் நிறுத்த வேண்டாம்."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

ஆனால் அவள் விடவில்லை. "அது சரி. ரெண்டும் ஒரே காத்துலதானே போகுது? ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காதா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கேட்டு வாங்கினார். ஒரு நுனியை ஜன்னல் கொக்கியில் மாட்டினார். நாற்காலியின் முதுகில் நெட்டுக் கம்பிகள். அவற்றின் இடுக்கு வழியே நாடாவை இழுத்துப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினார். நெளிவு கம்பிகளுக்கு நடுவே ஓடி ஜன்னல்வரை போயிற்று. பிறகு பக்கவாட்டில் ஆட்டினார். நாடா கம்பியில் பட்டுத் துவண்டு நின்றுவிட்டது.

"பார்த்தீங்களா? முதல்ல போனது நிக்கிற அலை. இது படுத்த அலை. நெட்டு இடுக்கு நிக்கிறதை விடும், படுத்ததை விடாது. இந்த ஆன்டெனாவுக்குப் பின்னால ரெண்டு வாய் இருக்கு. ஒண்ணு நிக்கிற அலைக்கு, ஒண்ணு படுத்ததுக்கு. ஒண்ணுல பேசினா இன்னொண்ணுக்குக் கேட்காது. கேட்டாலும் முணுமுணுப்பாத்தான் கேட்கும்."

"பாவும் ஊடும் மாதிரி. ஒரே துணிதான், ஒண்ணு நெட்டுல ஓடுது, ஒண்ணு குறுக்கால ஓடுது."

"அப்படியே வெச்சுக்கலாம், அத்தை."

தையல்காரம்மா நாற்காலியை ஒருக்களித்துச் சாய்த்துப் போட்டு, பக்கவாட்டு ஆட்டம் இப்போது கம்பிக்குள் போகிறதா என்று தானே ஒருமுறை பார்த்தாள். போயிற்று. அதற்குள் ஏலக்காரர் உள்ளே வந்து, "வீட்டுல நாற்காலியையும் அளவெடுத்துத் தைக்கிறீங்களா?" என்றார்.

*

கம்பெனி கழித்துக்கட்டிய சாமான்களை மாப்பிள்ளை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார். அவற்றைத் துடைத்து, திருகி, எல்லாவற்றையும் நேர்கோட்டில் அடுக்கிவைத்து வேலை செய்தார். ஒரு வயர் கோணலாக ஓடினால் கழற்றி மறுபடி ஓட்டுவார். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று அவருக்கே தெரியக் கூடாது. அவ்வளவு ஒற்றுமை.

"உப்புக்காத்து அத்தை. பெட்டிக்கு உறை தைச்சுத் தர முடியுமா? உள்ள வயரெல்லாம் கலர் மாத்தி வெச்சிருக்கேன். பேசுற ரேடியோ வயர் சிவப்பு, கேட்கிற ரேடியோ வயர் நீலம். ஆன்டெனா வாயிலயும் அதே கலர்ல ஒரு பட்டி கட்டிட்டா, அக்கரையில ஐஸ் மாமா தனியாவே மாட்டிடுவார்."

"எந்த வாய்க்கு எந்தப் பட்டி?"

"நிக்கிற வாய்க்குச் சிவப்பு. படுத்ததுக்கு நீலம். ரெண்டு ஆன்டெனாவுலயும் ஒரே மாதிரி இருக்கட்டும். குழப்பமே வராது."

ஐஸ் பேக்டரி ஆட்களின் கோட்டுக்கு வைத்திருந்த ரப்பர் துணியில், ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு, இரண்டு உறைகள் தைத்தாள். சிவப்புத் துணியில் ஒரு துண்டு, நீலத்தில் ஒரு துண்டு கிழித்து, மடித்தடித்து, நான்கு பட்டிகளையும் தானே கட்டினாள். மேசையின் இந்தக் கோடியில் ஒரு சட்டி, அந்தக் கோடியில் ஒரு சட்டி. ஆன்டெனா என்பது வாய்க்குப் புதிதாக இருந்ததால் வீட்டில் எல்லோரும் சட்டி என்றே சொன்னார்கள். மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டார். கணினியில், அலையின் வலுவைக் காட்டும் பச்சைக் கோடு உச்சிக்கு ஏறி நின்றது.

"பேசுது!" என்றாள் மகள். "கேட்குது!"

"மேசையில பேசினா போதுமா? தண்ணியைத் தாண்டணுமே," என்றார் ஏலக்காரர். "நான்கூடத்தான் வீட்டுக்குள்ள பேசினா நாலு தெருவுக்குக் கேட்கும்."

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை தன் முறைக்குக் காத்திருந்து, கடைசியில் தனியாகச் சிரித்தார்.

*

வியாழக்கிழமை காற்று தணிந்திருந்தது. ஐஸ் ஒரு சட்டியையும் பெட்டியையும் பாலத்தில் வண்டியேற்றிக் கொண்டுபோய், பேக்டரியின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினான். இந்தக் கரையில் மொட்டைமாடிக் கம்பத்தில் மாப்பிள்ளை மாட்டினார். நடுவே உப்பங்கழித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அக்கரையில் தொட்டி ஒரு தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. அதன் மேல் ஐஸ் ஒரு எறும்பு மாதிரி தெரிந்தான்.

"இப்பத் திருப்புங்க, ஐஸ் மாமா. மெதுவா. வலது பக்கம்," என்றார் மாப்பிள்ளை போனில்.

"என் வலதா, உங்க வலதா?"

"உங்க வலது."

"மாப்பிள்ளை, இந்தப் பெட்டித் திரையில ஏதோ வருது. முனகுற மாதிரி ஒரு கோடு."

"அதை விடாதீங்க. கொஞ்சம் கீழே குனிய வைங்க."

"குனிஞ்சாச்சு. அதே முனகல்தான்."

இங்கே மாப்பிள்ளை திருப்பினார். அங்கே ஐஸ் திருப்பினான். பச்சைக்கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. டீ ஆறிப்போனது. தையல்காரம்மா ஏணிக்கும் அடுப்புக்குமாக ஏறி இறங்கினாள். அவித்த முட்டையும் ரொட்டியும் தட்டில் காய்ந்தன. தண்ணீர் ஏறியபோது, "தண்ணி ஏறுது, அதுல பட்டு எதிரொலிக்குதோ என்னவோ," என்று மாப்பிள்ளை வடியும்வரை காத்திருந்தார். வடிந்தது. சேறு மினுங்கியது. கோடு அசையவில்லை.

"பேக்டரி கம்ப்ரஸர் ஓடுறதால இருக்குமோ?" என்றான் ஐஸ்.

"நிறுத்திப் பாருங்க."

"நிறுத்தினா ஐஸ் உருகும். என்னையும் உருக்கிடுவாங்க." ஆனாலும் டீ நேரத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தான். பிரயோசனமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவன்தான் சொன்னான்: "மாப்பிள்ளை, ஒரு அதிசயம். மாட்டும்போது பிடி நழுவிச் சட்டி ஒருக்களிச்சுப் போச்சு. அப்பக் கோடு நல்லா ஏறிச்சு. நேராக்கினதும் படுத்துடுச்சு."

"கோணலா இருந்தா எப்படி மாமா நல்லா வரும்? நேராவே இருக்கட்டும்."

"நான் பார்த்ததைச் சொன்னேன்."

"கை பட்டிருக்கும். நேரா வைங்க."

தையல்காரம்மா ஏணிப்படியில் நின்று இதைக் கேட்டாள். கேட்டுவிட்டு இறங்கினாள். நாற்காலியைச் சாய்த்துப் போட்டு ஆட்டிப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. எதற்காக வந்தது என்று தெரியவில்லை. அடுப்பில் மீன் கருகும் வாசனை வந்ததும் அதுவும் போய்விட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் வழக்கம்போலப் பேசினார்கள். மகள் மட்டும் பேசவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. பழைய லைன்லயே சோதனைக்கு உட்கார்ந்துடட்டுமா?"

"அது நடுவுல நிக்கும்."

"இது ஆரம்பிக்கவே இல்லையே."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஏலக்காரர் நண்டு விலையை ஆரம்பித்தார். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். மகள் எழுந்துபோய் மூலையிலிருந்த பெட்டியில் இரண்டு சட்டைகளை மடித்துப் போட்டாள்.

"அம்மா, ஜிப்."

"தைக்கிறேன், தைக்கிறேன்," என்றாள் தையல்காரம்மா. ஊசிப் பெட்டியை நகர்த்தினாள். ஜிப்பைத் தொடவில்லை.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேகம் கூடிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் தொட்டி மேல் ஏற முடியாது. ஏலக்காரர் சந்தை முடிந்து வந்து, மொட்டைமாடிப் பெட்டிக்குத் தார்ப்பாய் கட்டுகிறேன் என்று மேலே போயிருந்தார். மகள் துணி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்கத் துணிக்கட்டுகள் அடுக்கிய அறை. அதற்குள் பேசினால் குரல் எதிரொலிக்காது என்று அவளே தேர்ந்தெடுத்தது.

மாப்பிள்ளை வெட்டுமேசையின் தன் பாதியில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். செய்ய ஒன்றும் மிச்சமில்லாதவர் மாதிரி, திருகாணிகளை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

தன் பாதியில் தையல்காரம்மா ஐஸ் பேக்டரிக் கோட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். உறைக்குப் போக மிஞ்சிய ரப்பர் துணி. ஒரே துண்டாக இல்லாததால் மடித்துப் போட்டு இரண்டு கையையும் சேர்த்து வெட்ட முடியவில்லை. கைக்கான அளவு அட்டையை வைத்து ஒரு கை வெட்டினாள். இன்னொரு துண்டில் அட்டையை வைத்து இன்னொரு கை வெட்டினாள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தவள், கத்தரிக்கோலை டக்கென்று மேசையில் வைத்தாள்.

"போச்சுடா! ரெண்டும் இடது கை."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "என்னாச்சு அத்தை?"

"தொழில் கத்துக்கிட்டப்பப் பண்ணின தப்பு. இத்தனை வருஷத்துக்கப்புறம் மறுபடியும். மனசு ஒரு இடத்துல இல்லை."

அவர் எழுந்துவந்து பார்த்தார். இரண்டையும் பொருத்திப் பார்த்தார். ஒரு நூல் பிசகில்லை. "அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே. என்ன தப்பு?"

"அதுதான் தப்பு."

"புரியலை."

"நில்லுங்க." அவள் ஒரு கைத்துணியை எடுத்து அவர் இடது தோளில் வைத்து, சட்டையோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள். பளபளப்பு வெளியே வந்து, வளைவு தோளில் சரியாக உட்கார்ந்தது. "இது சரி. இப்ப அடுத்ததை வலது தோள்ல வைக்கிறேன் பாருங்க." வைத்தாள். முன்வளைவு முதுகுப் பக்கம் போய்த் துணி முறுக்கிக்கொண்டு நின்றது. "வளைவைச் சரி பண்ணத் திருப்பினா சொரசொரப்பு வெளியே வருது. பார்த்தீங்களா?"

"ஆமா. ஆனா ரெண்டும் ஒண்ணுதானே..."

"ரெண்டும் ஒண்ணா இருந்தா ஜோடி சேராது, மாப்பிள்ளை. எதிரும் புதிருமா இருக்கணும். முதல் கை வெட்டினதும் அட்டையைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்டணும். நான் திருப்ப மறந்துட்டேன்."

 மாப்பிள்ளை கையை நீட்டியபடி நின்றார். அவர் கண் மேசையில் மிச்சமிருந்த சிவப்புத் துணித் துண்டின் மேல் இருந்தது.

"குத்திடுச்சா?" என்றாள் அவள்.

"திருப்பிப் போடலை," என்றார் அவர்.

"அதான் சொன்னேனே, மறந்துட்டேன்னு."

"நீங்க இல்லை அத்தை, நான். சிவப்பு பேசுறது. இந்தக் கரையில நிக்கிற வாய்ல பேசுது. அங்கேயும் சிவப்பு நிக்கிற வாய்லதான். ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டே பேசுது, படுத்துக்கிட்டே கேட்குது. இங்க நிக்கிறதுல பேசினா அங்க நிக்கிறதுலதான் கேட்கணும்! கேட்கிறதுக்கு அங்க காதே இல்லை. ரெண்டும்... ரெண்டும் இடது கை!"

"அப்ப மேசையில எப்படிக் கேட்டுச்சு?"

"மேசையில கைக்கெட்டுற தூரம். முணுமுணுத்தாலே போதும். ஐயோ, ஐஸ் மாமா சட்டி ஒருக்களிச்சதும் ஏறிச்சுன்னாரே! நிக்கிறது பாதி படுத்திருக்கும். அவர் பார்த்துச் சொன்னதை நான் நேராக்கச் சொன்னேன்!"

சொல்லிக்கொண்டே அவர் ஓடினார். இடது தோளில் ரப்பர் கை படபடக்க, ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறினார். "குண்டூசி, மாப்பிள்ளை, குண்டூசி!" என்று கத்திக்கொண்டு தையல்காரம்மாவும் பின்னால் ஏறினாள். துணி அறைக் கதவு திறந்தது. "என்னம்மா?" என்றபடி மகளும் ஏறினாள்.

மேலே முதல் தூறல் விழுந்தது. மாப்பிள்ளை போனில் கத்தினார். அவர் கத்தி அந்த வீடு கேட்டதேயில்லை. "ஐஸ் மாமா! தொட்டி மேல ஏறுங்க! மழைக்கு முன்னாடி! சிவப்பு, நீலம் ரெண்டு வயரையும் இடம் மாத்திப் போடுங்க! பட்டியைப் பார்க்காதீங்க, மாத்திப் போடுங்க!"

அக்கரையில் எறும்பு ஏணி ஏறியது. தொட்டி மேல் குனிந்தது.

"மாத்தியாச்சு மாப்பிள்ளை!"

கணினித் திரையின் மேல் மாப்பிள்ளையும் மகளும் குனிந்தார்கள். கோடு தரையில் ஊர்ந்தது. அதே முனகல்.

மாப்பிள்ளை அப்படியே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மழைத்துளி அவர் ரப்பர் கையில் விழுந்து உருண்டது. "இதுவும் இல்லையா?" என்றார் வெறுங்குரலில். மகள் அவர் தோளில் கை வைத்தாள். 

தையல்காரம்மா திரையைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு நின்றிருந்தார். அந்த முகம் அவளுக்குத் தெரியும்.

"என்னங்க, நீங்க என்ன பண்ணினீங்க?"

"நானா? மாப்பிள்ளை மாத்தச் சொன்னாரு. மாத்தினேன்."

"யாரை மாத்தச் சொன்னாரு?"

"பொதுவாத்தான் சொன்னாரு. அங்க மச்சான் மாத்துறான், இங்க சும்மா இருக்கலாமான்னு நானும் இந்தப் பெட்டியில மாத்திட்டேன்."

"அப்பா!" என்று மகள் அலறினாள். "ரெண்டு பேரும் மாத்திட்டா மாத்தாத மாதிரிதானே!"

"கூடமாட ஒத்தாசை பண்ணினா இதுதான் பேரு."

மாப்பிள்ளை எழுந்தார். தார்ப்பாய்க்குள் தலையை விட்டார். ஒரு திருகு, இன்னொரு திருகு. சிவப்புப் பட்டியின் வாயில் சிவப்பு வயர் மறுபடி வந்து உட்கார்ந்தது.

பச்சைக்கோடு ஒருமுறை தயங்கியது. பிறகு ஏறியது. பாதியில் நிற்கும் என்று எல்லோரும் நினைத்த இடத்தைத் தாண்டி ஏறி, மேலே போய் நின்றுகொண்டது. போனில் ஐஸ் கத்தினான். போன் இல்லாமலே கேட்டிருக்கும். "ஏறுது மாப்பிள்ளை! இங்கயும் ஏறுது! ரெண்டும் ஏறுது!"

மழை கொட்டத் தொடங்கியது. தையல்காரம்மா மாப்பிள்ளையின் தோளிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் வாயில் கவ்விக்கொண்டாள். கோடு மழையில் இறங்குகிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஒரு மயிரிழை இறங்கியது போலிருந்தது. அவ்வளவுதான்.

*

சனிக்கிழமை காலை அந்த வீட்டில் ஒருத்தரும் பேசக் கூடாது.

"நான் இங்க இருந்தா இருமுவேன். இருமல் வரலைன்னா தும்முவேன்," என்று ஏலக்காரர் தானாகவே அக்கரைக்குப் போய் ஐஸ் பேக்டரியில் உட்கார்ந்துகொண்டார். அங்கே அவரும் மச்சானும் கம்ப்ரஸருக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

மகள் துணி அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை வெளியே ஸ்டூலில் கணினியோடு உட்கார்ந்தார். தையல்காரம்மா மெஷினுக்கு முன்னால், தப்பித் தவறிக்கூடச் சுற்றிவிடக் கூடாது என்று சக்கரத்தைக் கையால் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

உள்ளே மகள் பேசத் தொடங்கினாள். தையல்காரம்மாவுக்குத் தெரியாத மொழி. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எங்கோ ஒருவர் பேசுகிறார். அது மகளின் காதுக்குள் மட்டும் போகிறது. மகள் ஒரு சொல் பின்னால், ஒரு சொல் பின்னால் என்று விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறாள். அவர் வேகம் கூட்டினால் இவளும் கூட்டுகிறாள். அவர் ஏதோ வேடிக்கை சொல்லியிருக்க வேண்டும். இவள் குரலும் கொஞ்சம் சிரிக்கிறது. கேட்பதற்காகப் பேச்சை நிறுத்தவில்லை. பேசுவதற்காகக் கேட்பதை நிறுத்தவில்லை.

இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தையல்காரம்மா யோசித்தாள். வாய் ஒரு பக்கம் போக, காது இன்னொரு பக்கம் போவது. சின்ன வயதில் மகள் சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு வாதாடிக்கொண்டே, மாமா சொன்ன கதைக்குச் சிரித்துக்கொண்டே, "அம்மா, உப்பு" என்பாளே, அதுதான். 

ஒருமுறை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு பச்சைக் கோடுகள், போவதும் வருவதும், ஒன்றையொன்று சட்டை பண்ணாமல் ஓடிக்கொண்டிருந்தன.

உள்ளே குரல் நின்றது. தையல்காரம்மா மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். லைன் போயிற்றா? மாப்பிள்ளை தலையாட்டினார்: இல்லை, லைன் இருக்கிறது. உள்ளே மகள் இப்போது மெதுவாக, சாதாரணமாகப் பேசினாள். "சரிங்க மேடம்... சரி... இல்லைங்க, நகரத்துல இல்லை. வீட்டுலேருந்துதான்."  பிறகு, "மழையா? ஆமாங்க, இங்க மழைதான். உங்களுக்குக் கேட்குதா?"

கதவைத் திறந்து அவள் வெளியே வந்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"திங்கட்கிழமையிலேருந்து."

மாப்பிள்ளை கணினியை மூடினார். மூடிய கணினியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு, "வெட்டுப்படலையே?" என்று கேட்டார், அவள் சொன்னது போதாததுபோல.

"எதுவுமே வெட்டுப்படலை. நடுவுல அந்தம்மா வேணும்னே என் பேச்சுக்குக் குறுக்க பேசிப் பார்த்தாங்க. நான் நிறுத்தவே இல்லை. உங்களுக்கு இப்படி எங்க பழக்கம்னாங்க."

"நீ என்ன சொன்னே?" என்றாள் தையல்காரம்மா.

"பரம்பரைன்னு சொன்னேன்."

*

மத்தியானம் ஏலக்காரரும் ஐஸும் நனைந்துகொண்டே பாலம் தாண்டி வந்தார்கள். சோறு, வறுத்த மீன், நனைந்த சட்டையின் வாசனை. நாலு வாயும் திறந்தன. தொட்டி மேல் தான் ஏறிய கதையை ஐஸ் நீட்டி முழக்கினான். வயரை மாத்தினது தப்பில்லை, யாரை என்று சொல்லாததுதான் தப்பு என்று ஏலக்காரர் வழக்காடினார். கரையில் இருக்கிற வீடுகளெல்லாம் புது லைனுக்கு மாறினால் எதிர்வீட்டுக்கும் படம் தடையில்லாமல் ஓடும் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தையல்காரம்மா நின்றபடியே பரிமாறினாள். எல்லோர் பேச்சும் அவள் காதில் விழுந்தது. நடுவே மகள் குரல்: "அம்மா, என் பெட்டி ஜிப் என்னாச்சு?"

"அதைத் தைச்சுட்டேனே."

"பெட்டி திறந்துதானே கிடக்கு?"

"பெட்டிக்குத் தைக்கலை. மேலே இருக்கிற ரேடியோப் பெட்டி உறைக்குத் தைச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்கப்பா தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டாம் பாரு."

"எப்ப தைச்சே?"

"நீ உள்ள 'சரிங்க மேடம்'னு சொல்லி முடிச்சுட்டு வெளியே வந்தே பாரு, அப்புறம்."

"தைச்சது சரி," என்று ஏலக்காரர் ஆரம்பித்தார், "ஆனா அந்த உறையைத் திறந்து ஒருநாள் நான்..."

"நீங்க அதைத் தொடவே கூடாது, மாமா," என்றார் மாப்பிள்ளை.

ஏலக்காரர் இன்னும் முடிக்கவில்லை. ஐஸும் முடிக்கவில்லை. மகள் பாதியில் இருந்தாள். மாப்பிள்ளை அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வாயில் சோற்றோடு, கையில் மீனோடு, எதையும் கீழே வைக்காமல் பேசிக்கொண்டே போனார்: அடுத்து மரப்பாலத்துக்குப் பக்கத்திலும் ஒரு கம்பம் போட வேண்டும், இந்தத் தடவை அக்கரைப் பட்டியை மாற்றிக் கட்ட வேண்டும், சட்டி கோணலாகிவிட்டால் ஐஸ் மாமா சொல்வதைக் கேட்க வேண்டும்.

யாரும் பேச்சை நிறுத்தவில்லை. எல்லோருக்கும் எல்லாம் கேட்டது.

"மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை," என்றார் ஏலக்காரர், நண்டு விலையின் நடுவே.